நிமிஷத்துக்கு எழுபத்தாறு

என் மணிக்கட்டை அவர் முதன்முதலாகப் பிடித்தது ஆமத்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில். என் வலது கையில் சாம்பார் சோறு. இடது கை மேசைமேல் சும்மா கிடந்தது. இடப்பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள், உப்பு எடுப்பதுபோல என் கையை எடுத்து, மூன்று விரலை மணிக்கட்டில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பி யாரிடமோ ரசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எனக்கு வலப்பக்கம் இருந்த என் மனைவி என்னையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எண்பத்தெட்டு," என்று சொல்லிக் கையைத் திரும்ப மேசைமேல் வைத்தார் அவர். "மெதுவாச் சாப்பிடுங்க சார். யாரும் இலையத் தூக்கிட்டுப் போயிர மாட்டாக."

அப்போது நாங்கள் விருதுநகருக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவர் சிவகாசி ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் நர்ஸ். இருவரும் ஒரே கிறிஸ்தவ சபை. சபையில் எல்லோரும் அவரை நர்ஸம்மா என்றுதான் அழைத்தார்கள். இங்கே நானும் அப்படியே எழுதுகிறேன். அவர் பெயரை எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை.

கையைப் பிடிக்காமல் அவரால் யாரோடும் பேச முடியாது. பஸ்ஸில் டிக்கெட்டை நீட்டிய கண்டக்டரின் கையை அப்படியே வைத்துக்கொள்வார். "விசில் அடிக்கணும்மா, விடுங்க" என்று அவர் கெஞ்சினால், "விசிலுக்கு ஒரு கை போதும்பா" என்பார். ஒருமுறை எங்களுக்குப் பழக்கமான அண்ணாச்சி ஒருவர் வீட்டில் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடா, வாசலில் மாலையோடு நின்றது. நர்ஸம்மா குனிந்து அதன் பின்னங்காலின் உட்புறத்தில் விரலை வைத்துவிட்டு, "நூத்திமுப்பது. அதுக்குத் தெரிஞ்சிருச்சு," என்று சொல்லிவிட்டு உள்ளே காப்பி குடிக்கப் போய்விட்டார். அண்ணாச்சி அன்றைக்குக் கறி சாப்பிடவில்லை. எங்களிடம் வயிறு சரியில்லை என்றார்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க வார்டுல கையப் பிடிக்க முடியாது சார். வெடிமருந்து கையிலதான மொதல்ல பத்தும். கழுத்துல பாப்போம். அங்கனயும் முடியலன்னா பாதத்துக்கு மேல ஒரு எடம் இருக்கு, அதுல பாப்போம். வெளிய வந்து முழுசா ஒரு கையப் பாத்தா, விட மனசு வராது," என்றார். பிறகு, "நீங்க வேற அன்னைக்கு உங்க கையச் சும்மா மேசைமேல வச்சிருந்தீக," என்றார்.

எங்கள் சபையில் ஆர்கன் வாசித்தவர் மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். அதற்குப் பிறகு பாட்டைத் தொடங்கிக் கொடுப்பது நர்ஸம்மாவின் பொறுப்பாயிற்று. இதில்தான் வம்பு வந்தது. பாட்டைத் தொடங்கும் முன், பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவர் கையை எடுப்பார். கால் நிமிடம் கண்ணை மூடி நிற்பார். அந்த நாடி எந்த வேகமோ, அதுதான் அன்றைய பாட்டின் வேகம். காய்ச்சல்காரர் பக்கத்தில் இருந்தால் சபை மூச்சு வாங்கும். அடக்க ஆராதனையில் இறந்தவரின் மனைவி கையைப் பிடித்துத் தொடங்குவார். அந்தப் பாட்டுகளை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. கேட்டவர்களுக்குத் தெரியும்.

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துத் தொடங்கினார். மணப்பெண் சேலையைத் தூக்கிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடித்தான் பீடத்துக்கு வந்து சேர்ந்தாள். பின்னாலேயே நடந்து படம் எடுத்தவர் பெஞ்சில் மோதி விழுந்தார். போதகர் பிறகு வருத்தப்பட்டுக் கேட்டபோது நர்ஸம்மா, "நான் என்ன செய்ய முடியுங்கய்யா? மாப்பிள்ளைக்கு நூத்தி இருவத்திநாலு. யாராச்சும் ஒரு வாழைப்பழம் குடுத்திருந்தா பாட்டு நிதானமா வந்திருக்கும்," என்றார்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் சபையில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கடைசிப் பெஞ்சில் உட்காருவார். காது மந்தம். ஊரே வரியை முடித்த பிறகு அவர் ஒரு சொல் பின்தங்கி வந்து முடிப்பார். அவர் வந்து சேரும்வரை நர்ஸம்மா வரியின் கடைசி எழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சபையும் நிற்கும். தபால்காரர் இறந்து பல வருடம் ஆன பிறகும் சபை ஒவ்வொரு வரியின் முடிவிலும் அவருக்காக நின்றுகொண்டிருந்தது. நடுவில் பிறந்த பிள்ளைகள், பாட்டு என்றால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு அவர்களும் நின்றார்கள்.

முப்பத்துநாலு வருடம் மணி அடித்தால் வகுப்புக்குள் போய், மணி அடித்தால் வெளியே வந்தவன் நான். எனக்கு இது பொறுக்கவில்லை. ஓய்வுபெற்ற பிறகு என்னைப் பாடகர் குழுவுக்குச் செயலாளராகப் போட்டார்கள். அது போதாதா?

ஆனால் நான் செய்ததற்கு ஒழுங்கின்மேல் இருந்த ஆசை காரணமல்ல. அதைத்தான் இப்போது சொல்ல வந்தேன்.

ஒரு சனிக்கிழமை மாலை பாட்டுப் பயிற்சி. பதினாலு பேர் இருந்தார்கள், என் மனைவி உட்பட. நர்ஸம்மாவுக்குப் பக்கத்தில் நான்தான் நின்றேன். வழக்கம்போல என் கையை எடுத்துக் கண்ணை மூடினார். வழக்கத்தைவிட அதிக நேரம் மூடியிருந்தார்.

"சார், உங்களுத வச்சுப் பாட முடியாது," என்றார்.

"ஏன்?"

"விட்டு விட்டு வருது. நாலு வருது, ஒண்ணக் காணோம். ஆறு வருது, ஒண்ணக் காணோம். இத நம்பிப் பாடுனா சபையே பள்ளத்துல விழுந்துரும்."

பதினாலு பேரும் சிரித்தார்கள். "வீட்டுலயும் அப்பிடித்தான் நர்ஸம்மா. நாலு வேலை சொன்னா ஒண்ணக் காணோம்," என்றாள் என் மனைவி. மறுபடி சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவே நர்ஸம்மா சிரிக்காமல், எனக்கு மட்டும் கேட்கும்படி, "மதுரைக்குப் போயி ஒரு ஈசிஜி எடுத்துருங்க சார். தள்ளிப் போடாதீக," என்றார்.

பாடகர் குழுவுக்கு மைக் வாங்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மதுரைக்குப் போனேன். ஈசிஜி எடுத்தேன். நர்ஸம்மா விரலால் சொன்னதையே டாக்டர் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். பயமில்லை, தினம் ஒரு மாத்திரை என்றார். திரும்பும்போது மைக்கும் வாங்கினேன், பொய் சொன்னதாக ஆகக் கூடாதே. மாத்திரை அட்டையை மைக் பெட்டியில் பஞ்சுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நர்ஸ் பதினாலு பேர் முன்னால் என் கணக்கில் தப்பு கண்டுபிடித்துவிட்டார், அதுவும் அந்தத் தப்பு உண்மையாகவே இருக்கிறது. அந்த அவமானம் எனக்கு நோயைவிடப் பெரிதாக இருந்தது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அறிவித்தேன்: சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்குச் சபையின் கீர்த்தனைகளைப் பதிவு செய்து வெளியிடப் போகிறோம். கம்ப்யூட்டரில், கிளிக் போட்டு. இனிமேல் யார் கையையும் பிடிக்க வேண்டியதில்லை.

கிளிக் என்பது பெரிய வித்தை அல்ல. பாட்டுப் பதிவு செய்யும் மென்பொருளைத் திறந்தால் மேலே ஓரத்தில் மெட்ரோனோம் படம் ஒன்று இருக்கும். அதைத் தட்டினால் டிக், டக், டக், டக் என்று அடிக்கத் தொடங்கும். நிமிடத்துக்கு எத்தனை அடி என்று பக்கத்தில் எண்ணைக் கொடுக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு நாலு அடியா, மூன்று அடியா என்று சொல்ல வேண்டும். பாட்டு தொடங்கும் முன் இரண்டு சுற்று வெறுமனே அடித்துக் காட்டச் சொல்லலாம். பாடுகிறவர் ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டே பாடுவார். பதிவில் அந்தச் சத்தம் வராது, குரல் மட்டும் வரும். வீடியோ பார்த்துப் பார்த்து இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டேன். நர்ஸம்மா வழக்கமாகத் தொடங்கும் கீர்த்தனைக்கு எழுபத்தாறு என்று வைத்தேன். ஏன் எழுபத்தாறு என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு காரணம்கூடத் தயாராக வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

நர்ஸம்மா ஒருநாள் காலையில் வீட்டுக்கு வந்தார். காப்பி கொடுத்த என் மனைவியின் கையை ஒரு நிமிடம் வைத்திருந்துவிட்டு விட்டார். பிறகு தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இங்கன ஒரு கட்டி சார். தைராய்டு. பண்டிகைக்கு ரெண்டு நாளைக்கு முந்தி ஆப்பரேசன். கட்டிக்குப் பின்னால நூல் மாதிரி ஒரு நரம்பு ஓடுது. கட்டி அதத்தான் சுத்திக்கிட்டு இருக்காம். வெட்டும்போது அது போயிருச்சுன்னா சத்தம் போயிரும். டாக்டர் பாதிக்குப் பாதின்னு சொல்றாரு. நான் முக்காவாசி போயிரும்னு நெனைக்கேன்."

என் மனைவி அழ ஆரம்பித்தாள். நர்ஸம்மா திரும்ப அவள் கையைப் பிடித்து, "தொண்ணூத்தாறாயிருச்சு பாரு, சும்மா இரு தாயி," என்று அதட்டினார். பிறகு என்னிடம், "நான் எப்பவும் தொடங்குற அந்தக் கீர்த்தனைய மட்டும் என் சத்தத்துல எடுத்துக் குடுத்துருங்க சார். பண்டிகைக்காகச் சொல்லல. எனக்கு. எனக்குன்னு வீட்டுல வேற யாரு இருக்காக? சத்தம் போச்சுன்னா நான் எப்பிடிப் பாடுனேன்னு எனக்கே மறந்துரும்லா. போட்டுக் கேட்டுக்கிடுவேன்," என்றார்.

எடுத்துத் தருகிறேன் என்றேன். லேப்டாப்பைத் திறந்து கிளிக்கைப் போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்து ஒரு நிமிடம் முழுதாகக் கேட்டார்.

"எழுபத்தாறு. நல்ல நாடி. யாரோடது சார்?"

"யாரோடதும் இல்லம்மா. கம்ப்யூட்டரோடது."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"இது வெறும் சத்தம்மா."

"மொத அடிய மட்டும் ஏன் ஓங்கி அடிக்காரு? பிரஷர் இருக்கோ?"

முதல் அடி எது என்று தெரிவதற்காக என்று விளக்கினேன். நர்ஸம்மாவுக்குத் திருப்தி வரவில்லை. லேப்டாப்பின் ஓரத்தில், அது சூடாக இருக்கும் இடத்தில், மூன்று விரலை வைத்துப் பார்த்தார். "மூச்சு இழுத்தா நாடி கொஞ்சம் வெரசாகும், விட்டா மெதுவாகும். இவரு மூச்சே விட மாட்டேங்காரே," என்றார். அன்றிலிருந்து கிளிக்கை அவர் 'அவரு' என்றுதான் சொன்னார்.

பதிவு செய்ய அமைதியான இடம் வேண்டும். அண்ணாச்சிக்குச் சிவகாசி ரோட்டில் காலண்டர் அச்சகம். ஞாயிறு மதியம் மிஷின் ஓடாது. குடோனில் தினசரி காலண்டர் கட்டுகளை நாலு பக்கமும் ஆள் உயரத்துக்கு அடுக்கி, நடுவில் ஒரு அறை போல அண்ணாச்சியே செய்து கொடுத்தார். அவர் எங்கள் சபை அல்ல, எங்கள் சாமியும் அல்ல. ஆனால் கிடா விவகாரத்துக்குப் பிறகு நர்ஸம்மாமேல் அவருக்கு ஒரு பயம் கலந்த மரியாதை. வரப்போகும் வருடத்தின் எல்லா நாட்களுக்கும் நடுவே நின்று பாடினோம். காகிதம் எதிரொலியை அப்படியே குடித்துவிட்டது.

முதல் ஞாயிறு பாடியதெல்லாம் வீண். கிளிக்கை ஹெட்போனுக்கு அனுப்பாமல் ஸ்பீக்கருக்கு அனுப்பியிருந்தேன். பதினாலு பேரின் குரலோடும் டிக் டக் டக் டக் என்று அதுவும் பதிவாகியிருந்தது. வீட்டில் போட்டுக் கேட்ட என் மனைவி, "யாரு இது, கதவத் தட்டுறது?" என்று கேட்டாள். அண்ணாச்சிக்கு மட்டும் அது மிகவும் பிடித்துவிட்டது. "பாட்டு எனக்கு வெளங்கல சார். அந்த டக்கு டக்கு இருக்குல்லா, நம்ம மிஷின் ஓடுற மாதிரியே இருக்கு. அத எடுத்துராதீக," என்றார்.

இரண்டாவது ஞாயிறு தவற்றைச் சரிசெய்தேன். குழுப்பாட்டுகள் முடிந்தன. நர்ஸம்மா தனியாகப் பாட வேண்டிய கீர்த்தனை மட்டும் பாக்கி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்றார். மற்றவர்கள் காலண்டர் கட்டுகளின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரி முடிவில் வழக்கம்போல நின்றார். கிளிக் நிற்கவில்லை. மறுபடி. மறுபடி. ஏழு முறை.

"அவரக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க சார்."

"அது நிக்காதும்மா. நீங்கதான் அது கூடப் போகணும்."

"பின்னால வாரவுகளுக்கு?"

"பின்னால யாரும் இல்ல. தபால்காரர் செத்துப் பல வருசமாச்சு."

எட்டாவது முறைக்கு ஹெட்போனைச் சரிசெய்யக் கிட்டே போனேன். அந்தச் சாக்கில் என் கையைப் பிடித்துவிட்டார். கால் நிமிடம். பிறகு குனிந்து மெதுவாக, "மாத்திர ஒத்துக்கிருச்சு சார். இப்ப ஒண்ணுகூட விடல. நல்லது," என்றார்.

யாருக்கும் கேட்கவில்லை. அவர் அதை யாரிடமும் சொல்லியிருக்கவும் மாட்டார். அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் பிடிபட்டவனுக்கு வரும் ஆத்திரம் எனக்கு வந்தது. கையை உருவிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"உங்களுக்குத் தாளமே கெடையாது நர்ஸம்மா. இத்தன வருசமா இந்தச் சபைக்குத் தப்புத்தப்பாத்தான் பாடிக் குடுத்திருக்கீக. நாங்களும் மரியாதைக்குச் சகிச்சிக்கிட்டோம். இது மிஷினு. இது பொய் சொல்லாது."

சொல்லும்போதே என் நாடியைப் பற்றி அவர் சொன்னது மெய் என்று எனக்குத் தெரியும். அதற்கான மாத்திரை என் மைக் பெட்டியில் இருந்தது. அண்ணாச்சி ஒரு காலண்டரை எடுத்துத் தூசி தட்டினார்.

"சரி சார். அவரு சொல்றபடியே பாடுறேன்," என்றார் நர்ஸம்மா.

பாடினார். ஒரு அடிகூடத் தப்பவில்லை. வார்டில் மருந்துப் பட்டியல் வாசிப்பதுபோல இருந்தது. இரண்டாம் சரணத்துக்குப் போகும்போது வெளியே பெரிய சத்தம் கேட்டது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம். வெடிச் சத்தம் கேட்டால் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே போய்ப் புகையைப் பார்ப்பார்கள். வெள்ளையாக எழும்பிக் கலைந்தால் யாரோ வியாபாரிக்குச் சாம்பிள் போட்டுக் காட்டுகிறார்கள். கறுப்பாக ஓரிடத்தில் நின்றால் வேறு. எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். வெள்ளைப் புகைதான். "சாம்பிள்தான், சாம்பிள்தான்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வெளியிலேயே நின்றோம்.

அச்சகத்தில் கூட்டிப் பெருக்கும் ஒரு பெண் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் மகள் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. அன்று ஞாயிறு, கம்பெனி கிடையாது, மகள் வீட்டில்தான் இருக்கிறாள். அவளுக்கும் தெரியும். ஆனாலும் மகள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நர்ஸம்மா ஹெட்போனைக் கழுத்தில் மாட்டியபடியே வந்து அவள் கையை எடுத்தார். கண்ணை மூடினார். பாட ஆரம்பித்தார்.

அதே கீர்த்தனை. முதலில் நூத்துப்பத்துக்குமேல் இருக்கும், அப்படி ஒரு வேகம். இரண்டாவது வரியில் கொஞ்சம் குறைந்தது. அந்தப் பெண்ணை எழுப்பி, கையை விடாமல், காலண்டர் கட்டுகளுக்கு நடுவே உள்ளே நடத்திக்கொண்டு வந்தார். ஒவ்வொரு வரியின் முடிவிலும் நின்றார். அவள் நாடி இறங்குவதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. இறங்கியதும் அடுத்த வரிக்குப் போவார். இரண்டு சரணமும் முடிந்தபோது பாட்டு மிக மிக மெதுவாக இருந்தது. அந்தப் பெண் மைக்குக்குப் பக்கத்தில் ஒரு கட்டின்மேல் உட்கார்ந்து கொட்டாவி விட்டாள்.

பதிவை நான் நிறுத்தாமலே வெளியே ஓடியிருந்தேன். முழுவதும் பதிவாகியிருந்தது. குரல் தூரத்தில் தொடங்கிக் கிட்டே வந்தது.

"இதான் சார் அந்தப் பாட்டு. இத வச்சுக்கிடுங்க," என்றார் நர்ஸம்மா.

"கிளிக்குக்கு ஒரு வரிகூடப் பொருந்தலியே."

"அவரு பெறகு வந்து சேந்துக்கிடட்டும்."

பதினோரு நாள் அந்தப் பதிவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மென்பொருளில் குரலைத் துண்டு துண்டாக நறுக்கலாம். ஒவ்வொரு துண்டையும் நகர்த்திக் கிளிக்கின் அடியில் ஒட்டலாம், இழுக்கலாம், சுருக்கலாம். எழுத்தெழுத்தாக நறுக்கினேன். நின்ற இடங்களையெல்லாம் எடுத்தேன். தூரத்தில் இருந்த குரலைக் கிட்டே கொண்டுவந்தேன். ஆறு நிமிடம் பன்னிரண்டு வினாடி இருந்த பாட்டு மூன்று நிமிடம் ஐம்பது வினாடியில் வந்து நின்றது. சிலேட்டில் ஒரு கணக்கைத் தப்பில்லாமல் போட்டு முடித்தவன்போலப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு மூலப் பதிவை அழித்தேன். கம்ப்யூட்டரில் இடம் இல்லை என்று சொல்லலாம். இடம் இருந்தது. இரண்டும் இருந்தால் யாராவது இரண்டையும் கேட்பார்கள் என்று அழித்தேன். குப்பைத் தொட்டிக்குப் போனதையும் காலி செய்தேன். "நிச்சயமாகவா?" என்று கம்ப்யூட்டர் ஒருமுறை கேட்டது. ஆம் என்று தட்டினேன்.

ஆப்பரேஷன் நடந்தது. நரம்பு போய்விட்டது. பண்டிகையன்று நர்ஸம்மா மதுரையில் இருந்தார். இங்கே அசனச் சோற்றுக்கு வரிசையில் நின்றவர்கள் ஒலிபெருக்கியில் அவர் பாட்டைக் கேட்டு, ரேடியோவில் வருகிற மாதிரி இருக்கிறது என்று என்னைப் பாராட்டினார்கள். போதகர் எனக்குச் சால்வை போர்த்தினார். போர்த்திக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நானும் மனைவியும் அவர் வீட்டுக்குப் போனோம். கழுத்தில் தழும்பு. பேச்சு வெறும் காற்றாக வந்தது. காதைக் கிட்டே வைத்துத்தான் கேட்க வேண்டும். பாட்டைப் போட்டேன். கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார்.

"நல்லாருக்கு சார்," என்றார். "யாரு பாடுனது? மதுரையில யாராச்சும் பாட்டுக்காரப் பிள்ளையா?"

"நீங்கதாம்மா."

நர்ஸம்மா சிரித்தார். சிரிப்பும் காற்றுதான். என் மனைவியைப் பார்த்து, "சார் வெளையாடுறாரு," என்றார். பிறகு என்னிடம், "சரி, நான் பாடுனதப் போடுங்க. அந்தப் பிள்ள கையப் பிடிச்சுக்கிட்டு பாடுனேம்லா, அது," என்றார்.

அது வேறு டிஸ்க்கில் இருக்கிறது, தேட வேண்டும் என்றேன்.

மூன்று வருடம். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் என்னிடம் வருவார். கையை எடுப்பார். எண்ணி முடித்துவிட்டு, "கெடச்சுதா சார்?" என்பார். தேடிக்கொண்டிருக்கிறேன் என்பேன். "மெதுவாத் தேடுங்க. நாடி ஏறுது," என்பார். அந்தக் கேள்விக்கு ஏன் என் நாடி ஏறுகிறது என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒரு ஞாயிறும் கேட்காமல் போனதில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன் என்று நான் சொல்லாமலும் இருந்ததில்லை.

போன மாசியில் இறந்துபோனார். மாரடைப்பு. அடக்க ஆராதனையில் அவருடைய கீர்த்தனையை அவர் குரலிலேயே போட்டுச் சபையாரும் கூடப் பாடலாம் என்று போதகர் ஏற்பாடு செய்தார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். எங்கள் சபைக் கோயில் நிறைந்திருந்தது. அண்ணாச்சியும், அச்சகத்தில் பெருக்கும் அந்தப் பெண்ணும் ஓரமாக நின்றிருந்தார்கள்.

பாட்டைப் போட்டேன். சபை கூடப் பாடியது. முதல் வரி முடிவில் சபை நின்றது. ஒலிபெருக்கி நிற்காமல் இரண்டாம் வரிக்குப் போய்விட்டது. அவர்கள் இரண்டாம் வரியைத் தொடங்கியபோது அது மூன்றாம் வரியில் இருந்தது. துரத்திப் பிடிக்கப் பார்த்தார்கள். ஆனால் வரி முடிவு வந்ததும் யாரும் சொல்லாமலே மறுபடி நின்றார்கள். முதல் சரணத்தில் அவர்களும் இரண்டாம் சரணத்தில் நர்ஸம்மாவும் இருந்தார்கள். பின்வரிசையில் யாரோ, "நர்ஸம்மா எதுக்கு இப்படி ஓடுறாக?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

சபை வந்து சேரட்டும் என்று நிறுத்தும் பொத்தானைத் தட்டினேன். ஒரு சொல்லின் பாதியில் நின்றது. மறுபடி தட்டினேன். மீதிச் சொல் வந்தது. அடுத்த வரியில் சரியான இடத்தில் நிறுத்தப் பார்த்தேன், விரல் இரண்டு முறை பட்டுவிட்டது. பெட்டிக்குள் இருந்தவர் விக்கிக்கொண்டே பாடுவதுபோல இருந்தது. போதகர் என்னைப் பார்த்தார். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். லேப்டாப்பை மூடினேன்.

சபை நிறுத்தவில்லை. தங்கள் பாட்டில் பாடிக்கொண்டே போனார்கள். நின்று நின்று, ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து, இரண்டு சரணத்தையும் பாடி முடித்தார்கள். ஆறு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை.

கல்லறைத் தோட்டத்துக்குப் புறப்படும் முன் போதகர் என்னிடம் வந்தார். "என்ன ஆச்சு சார்?"

"சார்ஜ் தீந்து போச்சுங்கய்யா," என்றேன்.

போதகர் என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார். சார்ஜ் அறுபத்தெட்டு சதவீதம் இருந்தது.